ஆல்பத்தை இறக்குங்கள், அண்ணே

மதிப்பிற்குரிய அண்ணனுக்கும் உங்கள் இசை நிறுவனத்தின் பங்காளிகளுக்கும்,

வணக்கம். எந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே உங்களிடம் நான் பாடிப் பதிந்த ராப் பாட்டுகள் இருக்கின்றன. அட்டையில் என் பெயர் இருக்கிறது, பள்ளிக்காலத்துப் படம் இருக்கிறது. அது வெளிவரப்போகிறது என்று என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூரின் தேக்காவில் எதிரே வந்த நண்பன் கைகொடுத்து வாழ்த்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் இங்கே எல்லார் முன்னாலும் கேட்கிறேன்: அந்த ஆல்பத்தை எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்குங்கள்.

என்னிடம் எழுதி வாங்கிய தாள் இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவருவதாகக் கேள்வி. இருக்கிறது, அண்ணே. அதில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு 17 வயது. சிங்கப்பூரில் 2009 மார்ச்சிலிருந்து சொந்தமாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வயது 18. அப்பாவைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்குடா, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றீர்கள். அந்தத் தாளும் ஸ்டூடியோ வாடகையைப் பற்றித்தான் பேசுகிறது. வரிகளை எழுதியவன் நான். எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை அவற்றின் பதிப்புரிமை என்னிடம்தான் இருக்கும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. அதை மட்டும் குறையில்லாமல் செய்திருக்கிறீர்கள். பெயர் நல்ல பெரிய எழுத்தில் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். நான் நாலாவது பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

அது பாட்டே இல்லை. பீட்டுக்கு ஃப்ளோ, அதாவது வரிகளின் ஓட்டம், உட்காருகிறதா என்று பார்க்கப் போட்ட டம்மி. இரண்டாவது வெர்ஸில், அதாவது இரண்டாவது சரணத்தில், பாதிக்கு மேல் தத்தகாரம். வார்த்தை கிடைக்காத இடத்திலெல்லாம் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதல் வெர்ஸ்தான் சிக்கல். எங்கள் அப்பா துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்த்தவர். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார், திரும்பும்போது வேலைக்குப் போயிருப்பார். ஒரு நாள் சண்டை போட்ட சூட்டில், வீட்டில் அப்பா இருப்பதற்கு வாசலில் கிடக்கும் செருப்பு மட்டும்தான் சாட்சி என்று எழுதினேன். அதற்கு மேல் இருப்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள்தான் ஊருக்கே போட்டுக் காட்டிவிட்டீர்களே.

பாடிப் பதியும் அந்த டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இது வேண்டாம்டா, வீட்ல கேட்டா மனசு ஒடிஞ்சிடும்" என்று ஹெட்ஃபோனில் சொன்னது வேறு யாருமில்லை, நீங்கள்தான். வேறு வரிகள் எழுதிவந்து மறுபடி பாடினேன். அந்த டேக்கும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. ஆல்பத்துக்குப் போனதோ பழையது. கை தவறிப் போனதா, காரமாக இருக்கிறது என்று பொறுக்கி எடுத்ததா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அத்தை மகன் பெருமை தாங்காமல் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அம்மா கேட்டார். அத்தைகள் கேட்டார்கள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்து, தத்தகாரம் உட்பட முழுவதும் கேட்டார். முடித்துவிட்டு, "இதுக்கு எத்தனை வெள்ளி குடுத்தாங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப சும்மாவே திட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். இப்போதும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் வேலைவிட்டு வந்தால் செருப்பை வாசலில் விடுவதில்லை. எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்.

இதை எந்த ராயல்டியில் கழிப்பது, அண்ணே? ராயல்டிதான் எங்கே வரப்போகிறது? 2024 முதல், பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1000 முறையாவது ஓடாத பாட்டுக்குக் காசு கிடையாது. உள்ளூர்த் தமிழ் ராப்பில் அந்த ஆயிரத்தைத் தொடவே நாக்குத் தள்ளும். இந்த ஆல்பத்தால் நீங்கள் வீடு கட்டப்போவதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2000-ல் அமெரிக்காவின் டெத் ரோ இசை நிறுவனம், தன்னை விட்டு விலகிப்போன ராப் பாடகர் ஸ்னூப் டாக்கின் வெளிவராத பாட்டுகளைத் திரட்டி, அவர் ஒப்புதல் இல்லாமலே ஆல்பம் போட்டது. 2022-ல் அந்த டெத் ரோவையே ஸ்னூப் வாங்கிவிட்டார். நீங்கள் பயப்பட வேண்டாம், எனக்கு அவ்வளவு வசதி இல்லை. அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக் 2021-ல் முன்கையில் பச்சையே குத்திக்கொண்டார்: நான் போன பிறகு என் பெயரில் எதையும் வெளியிடாதீர்கள், அவையெல்லாம் வெறும் டெமோ, மாதிரிப் பதிவு என்று. அவருக்குச் செத்த பிறகு நடப்பதைப் பற்றிக் கவலை. நான் அதே புளோக்கில், அதே வீட்டில், அதே போன் எண்ணோடு இருக்கிறேன். ராப் பாடகர் மேக் மில்லர் 2018-ல் இறந்தபோது பாதியில் நின்ற ஆல்பத்தை, அவரோடு வேலை செய்துகொண்டிருந்த இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரையன் முடித்துக்கொடுத்தார். 2020-ல் அது வருகிறது என்று அறிவித்தது குடும்பம். இறந்தவரின் வீட்டுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை என் வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

நம் ஊரில் இளையர் பாட்டு என்றாலே இலவசம் என்று ஆகிவிட்டது. தீபாவளி மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கிக்குப் பணம் இருக்கும், நாற்காலிக்கு இருக்கும், பிரியாணிக்கு இருக்கும். பாடுகிறவனுக்குப் பொன்னாடையும் சான்றிதழும். கேட்டால் தமிழுக்குச் செய்யும் தொண்டு என்பார்கள். பிரியாணிக்காரரிடம் மட்டும் யாரும் தொண்டு கேட்பதில்லை. சரி, அது உங்கள் மேல் போட வேண்டிய வழக்கு இல்லை. மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். மைக் முன்னால் எப்படி நிற்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அந்த நன்றி எனக்குப் போகாது. அதனால்தான் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் உங்களிடம் வந்திருக்கிறேன். பாட்டுகளை இணையக் கடைகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் நீங்கள் சொன்னால் சில நாட்களில் எல்லாக் கடைகளிலிருந்தும் இறங்கிவிடும். நான் முறையிட்டால் உங்கள் மறுப்பு, என் பதில் என்று இழுக்கும். நாலாவது பாட்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு ஓடுவதாகக் காதில் விழுந்தது. அது போதாது. மற்றவற்றுக்கும் நான் சரி சொல்லவில்லை. முழு ஆல்பத்தையும் இறக்குங்கள்.

அப்புறம், என் பதிவுகளின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். வேண்டாம் என்று ஒதுக்கிய டேக்குகளை அழித்துவிடுங்கள். மற்றவற்றில் தேறுகிற பாட்டு ஏதாவது இருந்தால், உட்கார்ந்து பேசி, பங்கை எழுதிக்கொண்டு, ஒழுங்காகவே வெளியிடுவோம். அதற்கு முதலில் இது இறங்க வேண்டும். இந்த மாத முடிவுக்குள் ஒரு பதில் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நகலுக்கான ஹார்ட் டிஸ்க்கை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

பணிவுடன்,
உங்கள் ஆல்பத்தின் அட்டையில் இருப்பவன்