தம்பிக்கு அப்பா எழுதுறது

தம்பி,

ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டியே, "நான் யாருப்பா உங்களுக்கு, பாய் மாமா வாய் தவறி சொல்லித்தான் எனக்கு தெரியணுமா"ன்னு. அப்ப எனக்கு பதில் வரல. வாயத் திறந்தா அழுதுருவேன்னு பயந்து சிக்னல் சரியில்லன்னு சொல்லி கட் பண்ணிட்டேன், சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மூணு நாளா மனசே சரியில்ல. அதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், வேலை முடிச்சு வந்து குழந்தை தூங்குனதுக்கு அப்புறம் படி.

எனக்கு கேன்சர்னு, ஆபரேஷன்னு உன்கிட்ட ஏன் சொல்லலன்னு முதல்ல சொல்லிடுறேன். பிப்ரவரி கடைசில டாக்டர் ஆபரேஷன் தேதி குறிச்சப்ப மருமகளுக்கு ஒன்பதாம் மாசம். நீ அங்க ஒத்த ஆளா அவள பாத்துக்கிட்டு இருந்த. சொன்னா நீ கிளம்பி வந்திருப்ப, வராம இருந்திருக்க மாட்ட, அது எனக்கு நல்லா தெரியும். அங்க பனில அந்த பொண்ண தனியா விட்டுட்டு நீ இங்க என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தா உங்க அம்மா என்னை மன்னிச்சிருப்பாளா? இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெக்கம். கேன்சர்னு சொல்றது கூட கஷ்டமா இல்லடா, எந்த இடத்துலன்னு சொல்லத்தான் நாக்கு வரல. பெத்த பிள்ளைகிட்ட மூத்திரப் பை, டயப்பர்னு எப்படி பேசுறதுன்னு தெரியல. இப்பவும் தெரியல, ஆனா எழுதிடுறேன்.

ரெண்டு மூணு வருஷமாவே ராத்திரி நாலு தடவை அஞ்சு தடவை எந்திரிப்பேன், வந்தாலும் நூல் மாதிரி தான் வரும். ஒரு கிளினிக்ல காமிச்சேன், ப்ராஸ்டேட்ன்னு மூத்திரப்பைக்கு அடியில ஆம்பளைங்களுக்கு இருக்குற சுரப்பில வீக்கம், வயசானா எல்லாருக்கும் வர்றது தான்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, அதுல டுட்டாஸ்டரைடுன்னு ஒரு மருந்து சேர்ந்திருந்துச்சு. ஒன்றரை வருஷம் போட்டேன். இடையில பிஎஸ்ஏன்னு ப்ராஸ்டேட்ல இருந்து வர்ற புரதத்த அளக்குற ரத்த டெஸ்ட் பாத்தா 4.2. நாலு வரைக்கும் நார்மல், லேசா தான் கூட இருக்குன்னு விட்டுட்டாங்க, நானும் நிம்மதியா வந்துட்டேன். அப்புறம் ஃபிட்டர் மாமா தான் "எதுக்கும் ஒரு தடவை யூராலஜி டாக்டர்கிட்ட காமிடா"ன்னு நச்சரிச்சு ரயில்வே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு, அங்கிருந்து ரயில்வே மருத்துவ அட்டை, அந்த உமிட் கார்டு காட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. அந்த டாக்டர் ரிப்போர்ட்ட பாத்ததும் கேட்ட முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு தான். டுட்டாஸ்டரைடு மாசக்கணக்கா போட்டா பிஎஸ்ஏ நம்பர் பாதியா குறைஞ்சு காட்டுமாம், அதனால ரெண்டால பெருக்கிப் பாக்கணுமாம். அப்ப என்னோடது 8.4. தம்பி, அந்த ஒரு கணக்க யாராவது முன்னாடியே போட்டிருந்தா ஒரு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும். எனக்கு அது இன்னும் ஆறல.

அப்புறம் எம்ஆர்ஐ, அதுல ஒரு எடம் சந்தேகமா தெரிஞ்சுச்சு, ஊசி விட்டு 12 துண்டு எடுத்து பயாப்ஸி, அதுல அஞ்சு துண்டுல கேன்சர் இருந்துச்சு. கேன்சர் எவ்ளோ முரடுன்னு சொல்ற க்ளீசன் ஸ்கோர் 4+3, ஏழு. அதே ஏழு 3+4ன்னு வந்தா கொஞ்சம் சாது, 4+3ன்னா கொஞ்சம் முரடு, அப்படித்தான் டாக்டர் புரிய வச்சாரு. கேன்சர் பரவியிருக்கான்னு பாக்குற பிஎஸ்எம்ஏ ஸ்கேன்ல எலும்புக்கு எங்கயும் பரவலன்னு வந்த அன்னைக்கு தான் ஒரு வாரத்துக்கு அப்புறம் சோறு இறங்குச்சு. ரேடியேஷனும் ஹார்மோன் ஊசியும் ஒரு வழி, ஆபரேஷன் ஒரு வழின்னாரு. நான் ஆபரேஷன்னு சொல்லிட்டேன். மெஷின்ல கெட்டுப்போன பார்ட்ட கழட்டிப் போட்டே பழகுன ஆளு, உள்ளயே வச்சுக்கிட்டு இருக்க மனசு வரல.

ரெண்டு யூனிட் ரத்தம் ரெடி பண்ணி வைக்க சொன்னாங்க. பாய் மாமா, ஃபிட்டர் மாமா, பெயிண்டர் மாமா மூணு பேரும் ப்ளட் பேங்க்ல போய் நின்னுட்டாங்க, 65 தாண்டுனவங்ககிட்ட எடுக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பெயிண்டர் மாமா வெளிய வந்து படியில உக்காந்துட்டாரு, கண்ணு கலங்கிப் போச்சு. 1981ல நாங்க நாலு பேரும் ஒண்ணா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குள்ள அப்ரண்டிஸா நுழைஞ்சவங்க, அவருக்கு கை நசுங்குனப்ப நான் ரத்தம் கொடுத்தேன், அத திருப்பிக் கொடுக்க முடியலையேன்னு. அப்புறம் பாய் மாமா தன் பேரனையும் அவன் காலேஜ் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாரு. அந்த பசங்க பேரு கூட நான் சரியா கேட்டு வச்சுக்கல, அது எனக்கு குறையா இருக்கு.

மார்ச் 6 ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பி தான், வயித்துல அஞ்சு ஓட்டை. அப்ப ரம்ஜான் நோன்பு ஆரம்பிச்சு நாலஞ்சு நாள் ஆகியிருந்துச்சு. ராத்திரி துணைக்கு பாய் மாமா தான் இருந்தாரு, வீட்டுக்கு போங்க போங்கன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. விடியக்காலை நாலு மணிக்கு கண்ண முழிச்சு பாக்குறேன், வராண்டா பெஞ்சுல டிபன் பாக்ஸ திறந்து நோன்புக்கு முன்னாடி சாப்பிடுற சஹர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, சத்தம் வந்தா நான் முழிச்சுப்பேன்னு மூடிய கூட துணில சுத்தி வச்சிருந்தாரு. பகல் முழுக்க தண்ணி கூட குடிக்காத மனுஷன் எனக்கு மணிக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திக் கொடுத்தாரு. சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சி தூக்குல வரும். முக்கக்கூடாது, மலச்சிக்கலே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அந்த நேரத்துல எனக்கு அந்த கஞ்சியும் பப்பாளியும் தான் சாப்பாடு.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன், சிறுநீர் ட்யூபும் பையும் மாட்டியே தான். ப்ராஸ்டேட்ட எடுத்துட்டு மூத்திரப்பையையும் கீழ போற குழாயையும் இழுத்து தச்சிருப்பாங்க, அந்த தையல் ஆறுற வரைக்கும் ட்யூப் இருக்கணும், எனக்கு 11 நாள். பை எப்பவும் இடுப்புக்கு கீழ தொங்கணும், மேல போனா உள்ளயே திரும்பிடும், இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். ஃபிட்டர் மாமா வந்து பாத்தாரு, ஒரு வார்த்தை பேசல, வீட்டுக்கு போய் ஒரு கம்பிய வளைச்சு ராவி மழுங்கடிச்சு கட்டில் சட்டத்துல மாட்டுற மாதிரி கொக்கி பண்ணிட்டு வந்துட்டாரு. கூடவே ஒரு நோட்டு. ஒர்க்‌ஷாப்ல ஜாப் கார்டு போடுற மாதிரி கோடு கிழிச்சு எத்தனை மணிக்கு எவ்ளோ தண்ணி உள்ள போச்சு, எவ்ளோ வெளிய வந்துச்சு, என்ன நிறம்னு எழுதுவாரு. முதல் ரெண்டு நாள் நிறம்ங்கிற எடத்துல "சிவப்பு", அப்புறம் "டீ", அப்புறம் "மஞ்சள்". மஞ்சள்னு எழுதுன அன்னைக்கு அடியில ரெண்டு கோடு போட்டு வச்சிருக்காரு. பையில இருந்து அளவு குவளைல ஊத்தி அளந்து கொட்டுனதெல்லாம் அவரு தான் தம்பி. நான் கைய புடிச்சுக்கிட்டு வேணாம்னேன். "உங்க அப்பனுக்கு நான் செய்யலையா"ன்னு கேட்டாரு, உண்மை தான், தாத்தா கடைசியா படுத்திருந்தப்ப அவரு தான் என்கூட இருந்தாரு. தாத்தா விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

ட்யூப எடுத்ததுக்கு அப்புறம் தான் நெசமான கஷ்டமே. எந்திரிச்சா ஒழுகும், இருமுனா ஒழுகும், ஒரு பக்கெட் தூக்குனா ஒழுகும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு பேடு. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், மெல்ல மெல்ல சரியாகும், சிலருக்கு வருஷம் கூட ஆகும்னு. சொல்லிக் கேக்குறது வேற, ராத்திரி பாயெல்லாம் நனைஞ்சு தனியா உக்காந்திருக்கிறது வேற. ஒரு மாசம் வாசப்படி தாண்டல. கதவ தட்டுனா தூங்குறேன்னு உள்ளருந்தே குரல் கொடுத்து அனுப்பிடுவேன். நீ வீடியோ கால் பண்ணி பாப்பாவ காமிச்சப்ப எல்லாம் நான் சட்டை போட்டு நெத்திக்கு மட்டும் திருநீறு வச்சு உக்காந்திருப்பேன், கீழ துண்ட மடிச்சு போட்டு உக்காந்திருந்தேன்.

ஏப்ரல்ல ஒரு நாள் வம்படியா இழுத்துட்டுப் போனாங்க, ஆர்மரி கேட் பக்கம் டீக்கடைக்கு. பெஞ்சுல இருந்து எந்திரிக்கிறேன், வேட்டி பின்னாடி நனைஞ்சு போச்சு. கடையில பத்து பேரு. எனக்கு உசிரே போன மாதிரி ஆயிடுச்சு. ஃபிட்டர் மாமா பேசிக்கிட்டு இருந்த பென்ஷன் பேச்ச நிறுத்தல, பேசிக்கிட்டே தோள்ல இருந்த துண்ட எடுத்து என் இடுப்ப சுத்தி கட்டி முடிச்சு போட்டு கைய புடிச்சு கூட்டிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து நான் விக்கி விக்கி அழுதேன், அம்மா போனப்ப கூட அப்படி அழல. அப்பதான் பெயிண்டர் மாமா சொன்னாரு, அஞ்சு வருஷம் முன்னாடி வேளாங்கண்ணிக்கு போறேன்னு எங்ககிட்ட சொல்லிட்டு போனது உண்மைல ஆஸ்பத்திரிக்காம். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு உள்ளயே சுரண்டி எடுக்குற ஆபரேஷன். ஆறு வாரம் துணி வச்சுக்கிட்டு கஷ்டப்பட்டிருக்காரு, வீட்டுல அக்காவத் தவிர யாருக்கும் தெரியாது. நாப்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவங்ககிட்ட சொல்லல. எனக்கு கோவம் தான் வந்துச்சு, எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா, நாங்க யாரு உனக்குன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை நீ அதே வார்த்தைய என்கிட்ட கேட்ட.

அன்னைலருந்து எக்சர்சைஸ ஒழுங்கா பண்ண ஆரம்பிச்சேன். மூத்திரத்த பாதியில அடக்குற மாதிரி உள்தசைய இறுக்கி அஞ்சு எண்ணி விடணும், பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒண்ணுக்கு போகும்போது செய்யக்கூடாது, மத்த நேரத்துல தான். நாற்காலில இருந்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி முதல்ல இறுக்கணும், அப்புறம் எந்திரிக்கணும். இத பிசியோ பொண்ணு சொன்னப்ப எனக்கு எந்த தசைன்னே பிடிபடல, ரெண்டு வாரம் வயித்த இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். பெயிண்டர் மாமாவும் கூட உக்காந்து செய்வாரு. மே மாசம் நாலு பேடு, ஜூலைல ரெண்டு, இப்ப வெளிய போனா மட்டும் ஒண்ணு, அதுவும் முக்காவாசி நாள் காஞ்சு தான் இருக்கு. செப்டம்பர் 5 சங்கத்திடலுக்கு போனேன், 1946ல துப்பாக்கி சூட்டுல செத்த அஞ்சு தொழிலாளிங்களுக்கு வருஷா வருஷம் நாங்க போறது உனக்கு தெரியும், சின்னதுல உன்னையும் தோள்ல தூக்கிட்டு போயிருக்கேன். ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒண்ணும் ஆகல.

எடுத்த ப்ராஸ்டேட்ட பரிசோதிச்சதுல வெட்டுன ஓரம் எல்லாம் சுத்தம், கேன்சர் இல்ல, கூட எடுத்த நெறிக்கட்டிலயும் ஒண்ணும் இல்ல. ஆறு வாரத்துல பாத்த பிஎஸ்ஏ 0.02, போன மாசமும் அதே. ப்ராஸ்டேட்டே இல்லாதப்ப அது கிட்டத்தட்ட பூஜ்யமா தான் இருக்கணும், 0.2க்கு மேல ஏறுனா தான் திரும்ப வருதான்னு யோசிக்கணும். அதனால நீ டிக்கெட் போட்டு அடிச்சு பிடிச்சு ஓடி வர வேணாம், டிசம்பர்ல பாப்பாவோட வா.

இன்னொண்ணும் இருக்கு, எழுதலாமா வேணாமான்னு பாத்தேன். ப்ராஸ்டேட்ட ஒட்டி ஆம்பள சக்திக்கான நரம்பு ரெண்டு பக்கமும் போகுது. சீக்கிரம் கண்டுபிடிச்சா அத காப்பாத்தி எடுக்கலாம், எனக்கு ஒரு பக்கம் காப்பாத்த முடியல. டாக்டர் கேட்டப்ப, சம்சாரம் போயி ஆறு வருஷம் ஆச்சு சார், பரவால்லன்னேன். ஆனா உன் வயசுக்காரனுக்கு அது பரவால்லன்னு சொல்ற விஷயம் இல்ல, அதான் வெக்கத்த விட்டு எழுதுறேன்.

தாத்தா 1991ல போனாரு. முதுகு வலி, இடுப்பு வலின்னு எட்டு மாசம் கெடந்தாரு, வாயுன்னு தைலம் தேச்சோம், கடைசில கால் வரல, மூத்திரம் நின்னு போய் ட்யூப் போட்டாங்க. யாரும் டெஸ்ட் எடுக்கல. இந்த கேன்சர் பரவுனா முதல்ல பெரும்பாலும் எலும்புக்கு தான் போகும்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு சுருக்குன்னு தாத்தா முதுகு தான் ஞாபகம் வந்துச்சு. அதுவா இருந்துச்சான்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. ஆனா அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அது நிச்சயம். ஆரம்பத்துல பெரும்பாலும் வலியே இருக்காது, ஒரு அறிகுறியும் தெரியாது, அதனால ஏதாவது வந்தா பாத்துக்கலாம்னு இருந்துடாத. உனக்கு இப்ப 39. அங்க உன் டாக்டர்கிட்ட போய் எங்க அப்பாவுக்கு 67ல வந்துச்சு, தாத்தாவுக்கும் இருந்திருக்கலாம்னு ரெண்டையும் சொல்லு, எப்ப ஆரம்பிக்கணும்னு கேளு, எனக்கு சொன்னது 40, 45க்குள்ள ஒரு தடவை பாத்துடணும்னு தான். முடி கொட்டுதுன்னு நீ ஏதோ மாத்திரை போடுறதா மருமக ஒரு தடவை சொன்னா, அது ஃபினாஸ்டரைடா இருந்தா அதுவும் என் மாத்திரை ஜாதி தான், நம்பர குறைச்சு காட்டும், மறக்காம சொல்லிடு.

ஃபிட்டர் மாமாவோட அந்த நோட்டு என்கிட்ட தான் இருக்கு. தண்ணி கணக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு, கடைசி பக்கத்துல இப்ப என் பிஎஸ்ஏ மட்டும் தேதி போட்டு எழுதுறோம். நீ டெஸ்ட் எடுத்ததும் நம்பர எனக்கு அனுப்பு, நல்லதோ கெட்டதோ அன்னைக்கே அனுப்பு. நேத்து மாமாகிட்ட சொல்லி அதே பக்கத்துல பாதிக்கு கீழ ஒரு கோடு கிழிச்சு உன் பேர எழுதி வச்சாச்சு.

அப்பா