அந்த நாற்காலிக்கு ஏன் விண்ணப்பம் போட்டேன்

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். பேரூராட்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நியமன உறுப்பினர் பதவிக்கு அப்பா விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னதும், "இந்த வயசுல இது எதுக்குப்பா, ஓட்டு வாங்காம இரக்கப்பட்டுக் கொடுக்கிற நாற்காலி, சட்டம் போட்டா மனசு மாறிடுமா" என்றாய். சொன்ன பிறகு உனக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கும். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போனில் உன்னோடு வாதாடி யார் ஜெயித்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இரக்கத்தைப் பற்றி உன்னைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். ஏழெட்டு வயதில் ஆச்சி என்னைத் தேரோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். கோயில் வாசலில் நான் கட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன், யாரோ ஒருவர் போகிற போக்கில் என் கையில் பத்துப் பைசாவை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் புதுச்சட்டை போட்டிருந்தேன். அதை அவர் பார்க்கவே இல்லை, போலியோவில் வளைந்த கால்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை, காசை உண்டியலில் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நம்ம தெருவில் அப்போது மூன்று ஆறுமுகம் இருந்தார்கள். ஒருவர் கடைக்கார ஆறுமுகம், ஒருவர் வாத்தியார் ஆறுமுகம், நான் நொண்டி ஆறுமுகம். தபால்காரர்கூட அப்படிக் கேட்டுத்தான் வருவார். அவர் கெட்டவரும் இல்லை, பண்டிகைக்கு நம்ம வீட்டில் சாப்பிடுகிறவர்.

அப்புறம் 1987இல் வேலை கிடைத்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில்தான், அதை நான் எப்போதும் மறைத்ததில்லை. முதல் நாளே என் காதுபடச் சொன்னார்கள், கோட்டாவில் வந்தவன் என்று. என்னை உட்கார வைத்த மேஜையோ சான்றிதழ் விண்ணப்பமெல்லாம் வந்து சேருகிற மேஜை. ஊரில் யாருக்குப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானாலும், யாருக்குக் கடன் வேண்டுமானாலும் என் முன்னால் வந்து நின்றாக வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் ஆறுமுகம் சார் ஆகிவிட்டேன். அவர்கள் மனசு திருந்தி ஒன்றும் அப்படிக் கூப்பிடவில்லை கயல், காரியம் ஆக வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள். பிறகு வாய்க்குப் பழகிப்போனது. அவர்கள் பிள்ளைகளுக்கு என்னை ஆறுமுகம் சார் என்று மட்டும்தான் தெரியும், அதற்கு முன்னால் இருந்த பெயர் தெரியவே தெரியாது. சட்டம் போட்டால் மனசு மாறுமா என்று கேட்டாயே, நான் பார்த்த வரைக்கும் முதலில் மாறியது நாற்காலி, பிறகு வாய். மனசு பின்னால் மெதுவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை.

அதற்காக அரசாங்கத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் மாட்டேன். என் ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்க வரச் சொன்ன இடம் ஒரு மாடி. வளைந்த கால் இந்த ஐந்து வருஷத்தில் நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க, மாடி ஏறி வரச் சொன்னார்கள். மூன்று சக்கர வண்டி கொடுக்கிற விழாக்களை நீயும் பார்த்திருப்பாய். கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டு நிற்பார், வாங்குகிறவர் கைகூப்பிக்கொண்டு இருப்பார், மறுநாள் பேப்பரில் படம். அந்தப் படத்தைப் பார்த்து ஊர் எதைக் கற்றுக்கொள்ளும்? கோயில் வாசல் பத்துப் பைசாவைத்தான்.

2010இல் ஊனமுற்றோர் என்பதை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளிகள் என்று அரசாங்கம் சொன்னபோது நான் சிரித்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு என்ன மாற்றுத்திறன், பறக்கத் தெரியுமா என்று கேட்டேன். இன்றும் அந்தச் சொல் மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஆனால் பஸ்ஸில், போர்டில், விண்ணப்பத்தில் எல்லாம் அச்சடித்துப் போட்ட பிறகு, பழைய சொல்லைச் சொல்ல வருகிறவன் ஒரு நொடி நாக்கைக் கடித்துக்கொள்கிறான். அந்த ஒரு நொடிக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினபோது எனக்கும் கண் கலங்கியது. சேலத்துப் பையன், சாதாரண வீட்டுப் பிள்ளை. ஆனால் அடுத்த ஒரு மாதம் என்னைப் பார்த்தவர்களெல்லாம் "பாத்தீங்களா சார், மனசு வச்சா முடியும்" என்றார்கள். எனக்கு உயரம் தாண்ட வேண்டாம், பஸ் படி ஏறினால் போதும் என்றேன்.

இப்போது நான் இத்தனை வருஷமாக உன்னிடம் பேசாத ஒன்றை எழுதுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அழுதுகொண்டு வந்தாய். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு ஆசிரியை, உங்க அப்பா போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சாரோ என்று சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கு வந்து கேட்கவில்லை. அம்மா போகச் சொன்னாள், லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது. போய் எதை வைத்துக் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அப்போது இருந்த 1995ஆம் வருஷ ஊனமுற்றோர் சட்டத்தில் வேலைக்கு 3 சதவீதம் இருந்தது, இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை.

2024இல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளர் பிள்ளைகளிடம் அதே போன ஜென்மக் கதையைப் பேசினார் அல்லவா, வீடியோவை நீதானே அனுப்பினாய். பார்வையில்லாத ஒரு ஆசிரியர் அங்கேயே எழுந்து அவரைக் கேட்டார். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று அம்மாவிடம் கேள். அதன் பிறகு அந்தப் பேச்சாளர் கைதானார், போட்ட வழக்கில் 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருந்தது. அதில் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது. பேசினவர் மனசு மாறியதா என்று நான் கவலைப்படவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், அது தப்பு என்று ஒருவர் எழுந்து நின்றதையும் பார்த்தார்கள். நீ ஆறாம் வகுப்பில் அந்தப் பேச்சை மட்டும்தான் கேட்டாய், எழுந்து நின்ற யாரையும் பார்க்கவில்லை.

சரி, நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் சட்டசபையில் இரண்டு மசோதா நிறைவேற்றினார்கள், உள்ளாட்சி அமைப்புகளில் எங்களில் ஒருவரை உறுப்பினராக நியமிக்க. கிராமங்களையும் சேர்த்தால் 12,000 பேருக்கு மேல். ஓட்டில் நின்று ஜெயித்து வரட்டுமே என்கிறாய். வீடு வீடாகப் படி ஏறி ஓட்டுக் கேட்க வேண்டும், எந்தக் கட்சி எனக்கு சீட்டுத் தரும், நீயே சொல்.

போலியோ இந்த நாட்டிலிருந்து போய்விட்டது, 2014இல் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். காலைத் தாங்குகிற கேலிப்பர் போட்டு நடக்கிற எங்கள் கூட்டம் இன்னும் கொஞ்ச காலத்தில் தீர்ந்துவிடும், நல்லதுதான். ஆனால் 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது, முன்னால் 7தான். மேலத்தெருவில் ஆட்டிசம் உள்ள அந்தப் பையனைப் பார்த்திருப்பாய், அவன் அம்மா அவனை வெளியில் கூட்டிக்கொண்டே வருவதில்லை, கோயிலுக்குக்கூட. வெளியில் வராத பிள்ளையை ஊர் எப்படிப் பழகும்? அவளைப் போய்ப் பார்த்தேன். என்னால் முடிந்தது, கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லிப் பூங்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கலாம்.

கிடைக்குமா என்று தெரியாது, நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். கிடைத்தால் முதல் நாளே ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்ட அரங்கு மாடியில். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், 22 படி. தூக்கிக்கொண்டு போகிறோம் சார் என்று கட்டாயம் நாலு பேர் வருவார்கள், அன்பாகத்தான் வருவார்கள். நான் ஏறப் போவதில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், அவர்கள் இறங்கி வரட்டும்.

தீபாவளிக்கு வரும்போது கட்டைக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் இரண்டு ஜோடி வாங்கி வா. புனேயில் போன தடவை வாங்கினது நன்றாக உழைத்தது, இங்கே கிடைப்பது ஒரு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா