தயிர் இல்லாமல் ஓடலாமா என்று கேட்ட வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே என்று அலைந்ததில் தள்ளிப் போய்விட்டது. இப்போது பரவாயில்லை, வீட்டுக்குள் நடமாடுகிறாள். சின்னவள் எட்டாம் வகுப்பு போய்விட்டாள். உன் பையனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏண்டி?

நீயும் பாலை விட்டுவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். எங்கள் தொழுவத்தில் கிடாரிக் கன்று பிறந்தால் வீட்டில் ஒரு முகம், காளைக் கன்று பிறந்தால் வேறு முகம். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காளைக் கன்றுகளை எங்கே ஓட்டிப் போகிறார்கள் என்று புரிந்த பிறகு எனக்குத் தயிர்சாதம் தொண்டையில் இறங்கவில்லை. அதற்காகத்தான் விட்டேன், வேகத்துக்காக இல்லை. நீயும் வேகத்தை எதிர்பார்த்து மாறாதே. கென்யக்காரர்கள் பால் ஊற்றிய டீயும் உகாலி என்கிற சோளமாவுக் களியும் சாப்பிட்டுத்தான் உலகத்தையே ஜெயிக்கிறார்கள். ஆனால் வீகனாக, அதாவது பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாமல் இருந்தால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று யாராவது சொன்னால் அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக்கைச் சொல். 1999இல் வீகன் ஆனவர். அந்த வருடம் தொடங்கி 2005 வரை அமெரிக்காவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தைத் தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தார். 2015இல் அங்கேயே 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையை 46 நாள் 8 மணி நேரத்தில் முடித்தார்.

எல்லோரும் உன்னிடம் புரதம் புரதம் என்றுதான் கேட்பார்கள். நம்மைப் போல் ஓடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். ரசம் சோற்றில் அது வராது. பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, 50 கிராம் மீல்மேக்கர் என்று தினமும் சேர்த்துக்கொண்டால் வந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் மொத்த அளவு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 55 கிலோ இருக்கிற நீ ஞாயிற்றுக்கிழமை 30 கி.மீ. ஓடினால் 1,650 கலோரி போயிற்று. காயும் கீரையும் சுண்டலும் வயிற்றைச் சீக்கிரம் அடைத்துவிடும். பசி அடங்கிவிடும், கணக்கு நேராகாது. முன்னே நெய்யும் தயிரும் அந்த இடத்தை நிரப்பின. இப்போது இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்று, குழம்புக்குத் தேங்காய் அரைத்து விடு, சாயங்காலம் கடலை உருண்டை சாப்பிடு. மாதவிலக்கு தள்ளிப்போக ஆரம்பித்தால், 'ஓடுறவங்களுக்கு அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காதே. பல பெண்களுக்குச் சாப்பாடு போதாமல் வருவது அது. விட்டால் எலும்பில் கீறல் விழும்வரை கொண்டுபோகும். உடனே டாக்டரைப் பார்.

இரும்புச்சத்து விஷயத்தில் உன் காபிதான் எனக்குக் கவலை. ஓடுகிறவர்களுக்கு வியர்வையில் இரும்பு போகும், பாதம் தரையில் அடிக்கிற அடியில் சிவப்பணு உடைந்தும் போகும். முருங்கைக்கீரையிலும் பயறுகளிலும் இருக்கிற இரும்பு உடம்பில் லேசில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. ரத்தப் பரிசோதனையில், உடம்பில் இருக்கிற இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெர்ரிட்டினும் பார்க்கச் சொல். சேமிப்பெல்லாம் கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும், அதை மட்டும் நம்பி இருக்காதே.

வைட்டமின் பி12 மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி. இதில் விவாதமே வேண்டாம். புளித்த இட்லி மாவிலும் கிடைக்காது, கீரையிலும் கிடைக்காது. ஸ்பைருலினா என்று விற்கிற பாசிப்பொடியில் இருப்பது உடம்புக்கு உதவாத வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில வருடம் ஒன்றும் தெரியாது. நாம் சாப்பிடும் கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் என்கிற இன்னொரு பி வைட்டமின் ஏராளம் என்பதால் ரத்தசோகைகூட வெளியே காட்டாமல் போகலாம், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே வரும். காலில் மதமதப்பு வந்த பிறகு ஓடிப்போய்ப் பிரயோசனம் இல்லை. வாங்கும்போது மாத்திரையாகக் கேள். கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது.

தயிருக்கு ஒரு வழி சொல்கிறேன். பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி, நைஸாக அரைத்துத் துணியில் வடிகட்டு. அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிடு. பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டை அதில் போட்டு மூடி வை. மறுநாள் உறைந்திருக்கும். முதல் தடவை கொஞ்சம் இளக்கமாகத்தான் வரும். அதிலிருந்து எடுத்து உறை ஊற்றினால் அடுத்தது கெட்டியாகும். 'தயிர் இல்லாம எப்படிடி ஓடுவ' என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவே இப்போது இதில்தான் மோர்க்குழம்பு வைக்கிறாள்.

ஓடும்போது குடிக்கப் பானகத்தை மிஞ்சி ஒன்றும் இல்லை. அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் வெல்லம், அரை மூடி எலுமிச்சை, சுக்குப்பொடி, இரண்டு சிட்டிகை உப்பு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பார்கள். இதோடு இரண்டு மூன்று பேரீச்சம்பழம் சேர்ந்தால் போதும். சென்னைப் புழுக்கத்துக்கு உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள். ஜனவரி மாரத்தானுக்கு முந்தின நாள் மட்டும் சுண்டலும் கீரையும் தொடாதே, நார்ச்சத்து வழியிலேயே வயிற்றைக் கலக்கிவிடும். அன்றைக்கு வெள்ளைச் சோறும் இட்லியும் போதும்.

பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எழுது. பையன் எந்த குரூப் எடுத்திருக்கிறான் என்பதையும் எழுது. அம்மா உன்னை விசாரித்தாள், ஓட்டம் முடிந்ததும் ஒரு வாரம் கோயம்புத்தூர் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்கிறாள்.

அன்புடன்,
கலா