எல்லாம் பரு அல்ல

ஆசிரியருக்கு,

முகப்பரு பற்றிய தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பருவைப் போலவே ஏமாற்றும் ரோசேசியா பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் கன்னம், மூக்கில் சிவப்பும் சிறு கொப்புளங்களுமாக வந்து வந்து போகும் நாள்பட்ட தோல் நோய் இது. பருவில் இருக்கும் கரும்புள்ளிகள் (பிளாக்ஹெட்ஸ்) இதில் இருக்காது. வெயில், சூடான காபி, காரம் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாததால், நோயும் பிடிபடுவதில்லை.

தோசைக்கல் முன் நின்றாலே முகம் காந்துகிறது என்பாள் என் மனைவி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசினாள். பத்து நாள் முகம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகப் பொங்கியது. அப்புறம்தான் தோல் மருத்துவரிடம் போனோம். 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. கடையில் யார் கேட்கிறார்கள்? மருந்து ஆய்வாளர்கள் இதைக் கண்காணிக்க வேண்டும். தாங்களும் ரோசேசியா பற்றித் தனிக் கட்டுரை வெளியிடலாம். படங்கள் மட்டும் வெள்ளைக்காரர் கன்னமாக இல்லாமல், நம்மவர் முகமாக இருக்கட்டும்.

- ஒரு வாசகர், மதுரை