கண்ட்ரோல் துணியும் ராணுவ ஆர்டரும்

அன்புள்ள மாப்பிள்ளை,

கோபியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம்.

கோவை கணபதியில் மகன் நடத்தும் லேத் பட்டறைக்கு ராணுவத் தளவாட ஜாப் ஒர்க் வரும்போல் இருக்கிறது. ராணுவத் தளவாடத் தொழிலுக்கென அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் எல்லாம் உண்டே. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மட்டும் 6.81 லட்சம் கோடி. வேலை வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அம்முச்சி, அதான் அம்மாவைப் பெற்றவள், சொன்ன கண்ட்ரோல் துணிக் கதை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் நம் மில்களெல்லாம் ராணுவத்துக்கு நெய்தன. நெய்த ஊரிலேயே சேலை கிடைக்கவில்லை. பதுக்கல் அப்படி. 1943இல் அரசு துணிக்கு விலைக் கட்டுப்பாடு, அதுதான் அந்த 'கண்ட்ரோல்', கொண்டுவந்த பிறகும் கறுப்புச் சந்தை ஒழியவில்லை. அதிக லாபத்துக்கு 1940இலேயே தனி வரி போட்டிருந்தார்கள், முதலில் பாதி, பிறகு மூன்றில் இரண்டு பங்கு. கணக்கில் காட்டாத லாபத்தை அந்த வரி என்ன செய்யும்? பிரிட்டனின் போர்ச் செலவுக்கும் சேர்த்து இங்கே நோட்டு அடித்தார்கள். விலைவாசி ஏறி, ஒரு முழம் துணிக்கு வரிசையில் நின்றவள் அம்முச்சி.

அமெரிக்காவில் பின்னாளில் ஜனாதிபதியான ட்ரூமன் 1941இல் செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்போது அவர் வெறும் செனட்டர். ராணுவ முகாம் கட்டும் இடங்களுக்குத் தன் காரிலேயே போய்ப் பார்த்தார். ஆன செலவை அரசு தந்துவிடும் என்றால், செலவைக் குறைக்க கான்டிராக்டருக்கு என்ன அவசியம்? வீணாவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செனட்டில் விசாரணைக் குழு கேட்டு வாங்கினார். சண்டை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் இருக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் பழுதான விமான எஞ்சின்களுக்கு 'சரி' என்று முத்திரை போட்டதைப் போர் நடக்கும்போதே அந்தக் குழு வெளியே கொண்டுவந்தது. அந்த எஞ்சினை நம்பிப் பறக்க வேண்டியவன் யார் வீட்டுப் பிள்ளையோ!

அதனால் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அளவு பார்க்கும் கேஜில் நிற்காத பீஸ் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று. எத்தனை கை மாறி நம்மிடம் வருகிறது, மேலே என்ன ரேட், நமக்கு என்ன ரேட் என்றும் கேட்கச் சொன்னேன். அவனுக்குக் கொஞ்சம் தயக்கம். கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று.

நீ முப்பது வருஷம் ஆடிட்டில் இருந்தவன். 'அவசரம்' என்று எழுதி வாங்கிய ஃபைலை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவாய்? விவரமாக எழுது. அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை