வாசலில் நழுவிப் போகிறவர்களுக்கு

எங்கள் பால்வாடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் வணக்கம்.

பலகையில் அங்கன்வாடி என்றுதான் இருக்கிறது. நீங்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் நானும் பால்வாடி என்றே எழுதுகிறேன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. ஆனாலும் ‘சோறு போடுகிற இடம்’ என்ற பேச்சு மாறவில்லை. போகட்டும், சோறும் சின்ன விஷயமில்லை.

“அன்பு, இரக்கம், நம்பிக்கை எல்லாம் சொல்லிக்கொடுங்க டீச்சர்” என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கதையும் பாட்டும் தினமும் உண்டு. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நம்பிக்கை என்பது ஒரே கேள்விதான்: அம்மா திரும்பி வருவாங்களா?

அதற்குக் காலையில் நீங்கள் சொல்லும் பதில், “அங்க பாரு, காக்கா!” பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுகிறீர்கள். அழாமல் விட்டுவிட்டோம் என்று உங்களுக்கு நிம்மதி. ஜூன் மாதம் சேர்ந்த ஒரு குட்டி, அப்படி ஏமாந்த மறுநாளிலிருந்து கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த பொம்மையைக் கொடுத்தாலும் ஒரு கையால்தான் வாங்கும். மறுகை ஆயாவின் முந்தானையில் இருக்கும்.

அழட்டும். சொல்லிவிட்டே போங்கள். மூணு மணிக்கு வரேன் என்றால் அதற்கு என்ன தெரியும்? “சோறு சாப்பிட்டு, பாய்ல தூங்கி எழுந்திரி, வந்துடறேன்” என்றால் புரியும். அந்தக் குட்டியின் அம்மா இப்படித்தான் சொல்லிப் பார்த்தார். சொன்னபடி வரவும் செய்தார். ஒரு வாரம் ஒரே அழுகை. அடுத்த வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் தூங்கி எழுந்து தேம்பியபோது இது அவனிடம் போய், “பாய சுருட்டுனா அம்மா வந்துடுவாங்க” என்று சொல்லி அவன் பாயையும் சேர்த்துச் சுருட்டியது. கோணல்மாணலாகத்தான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

வர முடியாத நாளில் ஆயாவுக்கு ஒரு போன் போடுங்கள். நாங்கள் பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லிக்கொள்கிறோம்.

முட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனின் முட்டை உருண்டு மண்ணில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தன் முட்டையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பிய்த்து வெள்ளையை அவனுக்குக் கொடுத்தாள். சாயங்காலம் அவள் பாட்டிக்குக் கோபம்: “உன் முட்டைய எதுக்குடி குடுத்த?” பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், முட்டைக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய வீடு. “மஞ்சக்கருவ அவ விடலைங்க பாட்டி” என்றேன். பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை கொடுத்தது அதன் மனசுக்கு முடிந்த அளவு. அதைத் திட்டவும் வேண்டாம், ஊரைக் கூட்டிக் கைதட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. “அழுதா நர்ஸம்மா ஊசி போட்டுடுவாங்க” என்று மிரட்டுகிறீர்கள். 5 வயதில் முத்தடுப்பூசி போடும்போது அதே நர்ஸம்மாவைக் காட்டி, “வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு எறும்பை நன்றாகவே தெரியும். கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன் என்று சொன்னால் என்ன?

வருகிற புதன்கிழமை ஊசி நாள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். காக்காவைக் காட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பால்வாடி டீச்சர்