விசாவைப் பார்க்காமல் தீர்ப்பைச் சொல்லக்கூடாது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பை முடிப்பவர்கள் பற்றிய கட்டுரையில், குடியுரிமை இல்லையென்று எந்த மாநிலமும் வழக்கறிஞர் பதிவை மறுக்க முடியாது என்றும், 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கிரிஃபித்ஸ் தீர்ப்பு அதை முடித்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி.

கனெக்டிகட் மாநிலத்தை எதிர்த்து அந்த வழக்கில் வென்றவர் நெதர்லாந்துக் குடிமகள்தான். ஆனால் அமெரிக்கரை மணந்து அங்கேயே குடியமர்ந்தவர். அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு அவருக்குக் கைகொடுத்தது. தற்காலிக விசாவில் இருப்பவர் நிலை வேறு. குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியேறிகளுக்கும் மட்டுமே பதிவு என்ற லூசியானா விதியை, கூட்டாட்சியின் 5-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றது. நம் மாணவர்கள் பெரும்பாலும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள்தான். நல்லவேளையாக, அவர்கள் அதிகம் நாடும் நியூயார்க்கில் அப்படியொரு நிபந்தனை கிடையாது.

மாநிலத்துக்குள் வசிப்பவருக்கே பதிவு என்ற வசிப்பிட விதிகளின் கதை தனி. மாநில எல்லையிலிருந்து 400 கஜ தூரத்தில், வெர்மான்டில் வசித்தபடி நியூ ஹாம்ப்ஷயரில் பதிவு கேட்ட பைப்பர் என்பவர், அந்த மாநிலத்தின் விதியை 1985-இல் தகர்த்தார். 1988-இல் வர்ஜீனியாவின் விதியும் விழுந்தது. இரண்டுக்கும் அடிப்படை அமெரிக்க அரசியலமைப்பின் 4-ஆவது உறுப்பின் 2-ஆவது பிரிவு. அது பிற மாநிலக் குடிமக்களை மட்டுமே காக்கும், வெளிநாட்டவர் அதை எடுத்துக்காட்ட முடியாது. அமெரிக்கக் குடிமக்களுக்கே அது எல்லா நேரமும் உதவுவதில்லை. வெளி மாநிலத்தில் வசிப்பவர் நியூயார்க்கில் தொழில் செய்ய அங்கே அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2016-இல் மேல்முறையீட்டில் தப்பியது. மின்னஞ்சல் காலத்தில் அதற்கு என்ன தேவையோ!

வழக்குகள் அதிகம் கவிழ்வது நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1983 ஃபெல்ட்மன் தீர்ப்புப்படி, விதியே பொதுவாகச் செல்லாது என்றால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘என் விண்ணப்பத்தை நிராகரித்தது தவறு’ என்று அங்கே போனால் அதிகார வரம்பில்லை என்று தள்ளிவிடுவார்கள். அதற்குரிய இடம் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். அரசியலமைப்பு ஆட்சேபத்தை அங்கேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால், பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அதை எழுப்ப வழியிருக்காது. வைத்திருந்தால், இறுதித் தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் அந்த நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போடலாம்.

ஒரு வழக்கறிஞர்,
மதுரை